விருப்பவரிசை வாக்குகளின் முடிவைப் பகுத்தாய்தலும் முன்வைத்தலும்: இலங்கை ஜனாதிபதித் தேர்தல் 2024 – நுவரெலியா, யாழ்ப்பாண மாவட்டங்களை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

வாக்காளர் வேட்பாளர்களை 1, 2, 3 என வரிசைப்படுத்தும் தேர்தலில் முடிவு ஒற்றை எண்ணாக அமைவதில்லை. எண்ணிக்கையின் ஒவ்வொரு சுற்றிலும் வாக்குகள் இடம் மாறுகின்றன. விழுக்காட்டைக் கணக்கிடப் பயன்படும் மொத்தமும் மாறுகிறது. 2024 செப்டம்பர் 21 அன்று நடந்த இலங்கை ஜனாதிபதித் தேர்தலே அந்நாட்டில் இரண்டாம் எண்ணிக்கை வரை சென்ற முதல் தேர்தல். அதில் வென்றவரின் முன்னிலை வாக்குகளில் சுருங்கியது. வெளியான விழுக்காட்டிலோ விரிந்தது. இந்த முரண் எவ்வாறு எழுந்தது என்பதையும், மலையகம், வடக்கு ஆகிய பகுதிகளின் மாவட்ட முடிவுகளை இதனால் எவ்வாறு படிக்க வேண்டியிருக்கிறது என்பதையும் இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: விருப்பவரிசை வாக்கு, இரண்டாம் எண்ணிக்கை, பயன்தீர்ந்த வாக்கு, நுவரெலியா, யாழ்ப்பாணம், நீலகிரி.

முன்னுரை

கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கும் சாலையில் அமைந்த அரவேணு போன்ற ஊர்களில், ஊரக உள்ளாட்சித் தேர்தலின்போது வாக்காளர் கையில் நான்கு சீட்டுகள் தரப்படுகின்றன. ஊராட்சி உறுப்பினருக்கு ஒன்று, தலைவருக்கு ஒன்று, ஒன்றியத்துக்கு ஒன்று, மாவட்டத்துக்கு ஒன்று எனச் சீட்டின் நிறமும் வேறுபடும். நீலகிரி மாவட்டம் இவ்வாறு வாக்களித்தது 2019 டிசம்பரில். சீட்டு நான்கானாலும் ஒவ்வொன்றிலும் முத்திரை ஒன்றே. கூடுதல் வாக்குப் பெற்றவர் வென்றவர்; எஞ்சியோர் தோற்றவர். அத்தகைய முடிவை அறிவிக்க ஒரு வரி போதும்.

அதே கோத்தகிரி, குன்னூர், கூடலூர் வட்டாரங்களில் வேறொரு தேர்தல் முறையோடு உறவுள்ள குடும்பங்களும் வாழ்கின்றன. 1964ஆம் ஆண்டின் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தப்படி இலங்கையின் தேயிலைத் தோட்டங்களிலிருந்து 5,25,000 பேரை ஏற்க இந்தியா இசைந்தது. 3,00,000 பேருக்குக் குடியுரிமை வழங்க இலங்கை இசைந்தது. தாயகம் திரும்பியோருக்கு வேலை அளிக்கும் பொருட்டு 1968இல் நீலகிரியில் தொடங்கப்பட்ட அரசுத் தேயிலைத் தோட்டத் திட்டமே பின்னர் ‘டேன்டீ’ என்னும் கழகமாயிற்று. ஒரே குடும்பத்தின் ஒரு கிளை நீலகிரியிலும் மறு கிளை நுவரெலியாவிலும் தங்கிவிட்டது. மலையகத்தில் தங்கியோர் 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் இழந்ததை முழுமையாக மீட்க 2003ஆம் ஆண்டின் சட்டம் வரை காத்திருக்க நேர்ந்தது. இவ்வளவு காலம் கழித்துக் கிடைத்த வாக்குச்சீட்டு முடிவுத்தாளில் எங்கே பதிவாகிறது என்று கேட்பது வெறும் புள்ளியியல் ஆர்வம் அன்று. நீலகிரியில் இருந்தபடி அம்முடிவைச் செய்தித்தாளில் படிக்கும் உறவினருக்கும், ஒரு முத்திரைத் தேர்தலில் பழகிய கண்ணோடு அதைப் படித்தால் பொருள் பிறழும்.

சொல் தரும் குழப்பம்

இலங்கைத் தமிழில் ‘விருப்பு வாக்கு’ என்னும் ஒரே சொல் இரு வேறு முறைகளைக் குறிக்கிறது. நாடாளுமன்றத் தேர்தலில் வாக்காளர் ஒரு கட்சிக்கு வாக்களித்து, அதன் பட்டியலில் மூவர் வரை குறிக்கலாம். அம்மூன்று குறிகளும் சமமானவை. அவற்றுள் முன்பின் இல்லை. ஜனாதிபதித் தேர்தலில் இடப்படும் 1, 2, 3 என்பனவோ வரிசை. இங்கு இரண்டாவது விருப்பம் முதலாவதோடு சேர்த்து எண்ணப்படுவதில்லை. முதல் விருப்பம் பெற்றவர் போட்டியிலிருந்து விலக்கப்பட்டால் மட்டுமே அது உயிர்பெறும். 2024இல் செப்டம்பரில் ஒரு முறையும் நவம்பரில் மறு முறையும் அடுத்தடுத்து நடைமுறைக்கு வந்ததால் இக்குழப்பம் மிகுந்தது. இக்கட்டுரையில் ஜனாதிபதித் தேர்தல் முறை ‘விருப்பவரிசை’ எனச் சுட்டப்படுகிறது.

மற்றொரு சொல்லையும் இங்கேயே வரையறுப்பது நலம். விலக்கப்பட்ட வேட்பாளரின் சீட்டில் அடுத்த விருப்பம் குறிக்கப்படாமலோ, குறிக்கப்பட்டும் அது களத்தில் நிற்கும் இருவருக்கு உரியதாக இல்லாமலோ இருப்பின், அச்சீட்டு எவரிடமும் செல்லாமல் நின்றுவிடுகிறது. அது செல்லாத வாக்கு அன்று. முதல் எண்ணிக்கையில் முறைப்படி எண்ணப்பட்ட வாக்கு. இதனைப் ‘பயன்தீர்ந்த வாக்கு’ எனலாம்.

முறையின் இயக்கம்

கற்பனையாக ஓர் ஊராட்சித் தலைவர் தேர்தலை எடுத்துக்கொள்வோம். செல்லத்தக்க வாக்குகள் 1,000. அ என்பவருக்கு 420, ஆ என்பவருக்கு 330, இ என்பவருக்கு 250. ஒரு முத்திரை முறையில் அ வென்றுவிட்டார். விருப்பவரிசை முறையில் எவரும் பாதியைத் தாண்டாமையால் இ விலக்கப்படுகிறார். அவருடைய 250 சீட்டுகளில் 130 ஆவுக்கும் 30 அவுக்கும் அடுத்த விருப்பம் காட்ட, 90 வெறுமையாக உள்ளன எனக் கொள்க. இப்போது ஆ 460, அ 450. ஆ வென்றார். அவர் பெற்றது எத்தனை விழுக்காடு? களத்தில் எஞ்சிய 910 வாக்குகளில் 50.55. வாக்களித்த 1,000 பேரில் 46. இரண்டும் சரியான விடைகளே. ஆனால் அவை விடையளிக்கும் வினாக்கள் வேறு. மொத்தம் எது என்று சொல்லாத விழுக்காடு பாதிச் செய்திதான்.

இலங்கையில் இம்முறை அரசியலமைப்பின் 94ஆம் உறுப்பிலும் 1981ஆம் ஆண்டின் 15ஆம் இலக்க ஜனாதிபதித் தேர்தல்கள் சட்டத்திலும் இடம்பெறுகிறது. முதல் எண்ணிக்கையில் எவரும் பாதிக்கு மேல் பெறாவிடில், முதல் இருவர் தவிர ஏனைய அனைவரும் ஒரே வீச்சில் விலக்கப்படுவர். விலக்கப்பட்டோரின் சீட்டுகளில் இரண்டாம் விருப்பம் அவ்விருவரில் ஒருவருக்கு இருந்தால் அவரிடம் சேரும்; இல்லையெனில் மூன்றாம் விருப்பம் பார்க்கப்படும். 1982 முதல் 2019 வரை நடந்த எட்டுத் தேர்தல்களிலும் இதற்குத் தேவை எழவில்லை. 1988இல் பிரேமதாச 50.43 விழுக்காட்டோடும், 2005இல் மகிந்த ராஜபக்ச 50.29 விழுக்காட்டோடும் எல்லையை ஒட்டிக் கடந்தனர். நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகச் சட்டத்தில் மட்டும் இருந்த விதி 2024 செப்டம்பர் 22 அன்றுதான் எண்ணும் மேசைக்கு வந்தது.

2024: முடிவின் இரு முகங்கள்

பதிவுபெற்ற வாக்காளர் 1,71,40,354 பேர். அளிக்கப்பட்டவை 1,36,19,916. நிராகரிக்கப்பட்ட 3,00,300 நீங்கலாகச் செல்லத்தக்கவை 1,33,19,616. முதல் எண்ணிக்கையில் அநுர குமார திசாநாயக்க 56,34,915 (42.31%), சஜித் பிரேமதாச 43,63,035 (32.76%), ரணில் விக்ரமசிங்க 22,99,767 (17.27%). முதல் இருவர் தவிர்த்த அனைவரின் வாக்குகளையும் கூட்டினால் 33,21,666 வருகிறது. இவையே இரண்டாம் எண்ணிக்கைக்குச் சென்ற சீட்டுகள்.

அச்சீட்டுகளிலிருந்து திசாநாயக்க 1,05,264 வாக்குகளையும் பிரேமதாச 1,67,867 வாக்குகளையும் கூடுதலாகப் பெற்றனர். இறுதி நிலை 57,40,179, 45,30,902. வெளியான விழுக்காடுகள் 55.89, 44.11.

இங்குதான் வாசகர் நிதானிக்க வேண்டும். இரண்டாம் எண்ணிக்கையில் மிகுதியாகப் பெற்றவர் பிரேமதாச. இருவருக்கும் இடையிலான இடைவெளி 12,71,880இலிருந்து 12,09,277 ஆக, அதாவது 62,603 வாக்குகள் சுருங்கியது. ஆனால் விழுக்காட்டில் இடைவெளி 9.55இலிருந்து 11.78 ஆக விரிந்ததாகத் தெரிகிறது. வென்றவர் பின்னுக்கு வந்த சுற்றில் முன்னேறியதுபோலக் காட்சி தருகிறார். காரணம் எளிது. முதல் விழுக்காடு 1,33,19,616இன் மேல் கணக்கிடப்பட்டது. இரண்டாவது, இருவர் வாக்குகளின் கூட்டுத்தொகையான 1,02,71,081இன் மேல். இடையில் 30,48,535 வாக்குகள் கணக்கிலிருந்து மறைந்துவிட்டன.

அடிமொத்தத்தை மாற்றாமல் அதே முடிவை எழுதினால் படம் வேறாகிறது:

திசாநாயக்க: முதல் எண்ணிக்கை 42.31 – இறுதி 43.10
பிரேமதாச: முதல் எண்ணிக்கை 32.76 – இறுதி 34.02
ஏனையோர் வாக்குகள்: முதல் எண்ணிக்கை 24.94 – இறுதியில் பயன்தீர்ந்தவை 22.89

(தசமத் திருத்தத்தால் கூட்டுத்தொகையில் 0.01 வேறுபடலாம்.)

55.89 என்பது பொய்யன்று. சட்டம் கேட்கும் வினா, எஞ்சிய இருவரில் பெரும்பான்மை யாருக்கு என்பதே. அதற்குரிய விடை அது. ஆனால் அதனை ‘நாட்டு வாக்காளரில் 55.89 விழுக்காட்டினர் ஆதரித்தனர்’ என எழுதுவது பிழை. மறுபுறம், 43.10ஐ மட்டும் எடுத்துக்காட்டி வெற்றியின் செல்லுபடியை ஐயுறுவதும் அதே அளவு பிழை. விதி அனைவருக்கும் முன்கூட்டியே தெரிந்த ஒன்று. இரு தரப்பினரும் தத்தமக்கு உகந்த எண்ணை எடுத்துக்கொள்ள இடமளிப்பது, இடைப்பட்ட வரியை விட்டுவிடும் முடிவுத்தாளே.

பயன்தீர்ந்த முப்பது இலட்சம்

இரண்டாம் எண்ணிக்கைக்குச் சென்ற 33,21,666 சீட்டுகளில் 2,73,131 மட்டுமே இருவரில் ஒருவரைச் சென்றடைந்தன. இது 8.22 விழுக்காடு. பயன்தீர்ந்தவை நிராகரிக்கப்பட்ட வாக்குகளைப் போலப் பத்து மடங்குக்கும் மேல். நிராகரிக்கப்பட்டவைக்கு முடிவுத்தாளில் தனி வரி உண்டு. பயன்தீர்ந்தவற்றைக் கழித்தல் கணக்குப் போட்டே அறிய வேண்டும் என்பது விந்தைதான்.

இந்தியாவின் 1969ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் தேர்தல் ஒப்பீட்டுக்கு உதவும். அதிலும் முதல் விருப்பத்தில் எவரும் தேவையான அளவை எட்டவில்லை. வி.வி.கிரி 4,01,515, நீலம் சஞ்சீவ ரெட்டி 3,13,548, சி.டி.தேஷ்முக் 1,12,769. மொத்தம் 8,36,337, வெல்லத் தேவை 4,18,169. (இவை நபர்களின் எண்ணிக்கை அல்ல, உறுப்பினர் வாக்குகளின் மதிப்பு.) அடுத்த விருப்பங்கள் சேர்ந்தபின் கிரி 4,20,077, ரெட்டி 4,05,427. முதல் இருவர் அல்லாதோர் பெற்ற 1,21,274இல் 1,10,441 இடம் மாறின. 10,833 மட்டுமே பயன்தீர்ந்தன. அதாவது 91 விழுக்காட்டுக்கு மேல் கைமாறியது. அங்கும் பின்தங்கியவரே அடுத்த விருப்பங்களில் பெரும்பகுதியைப் பெற்றார். எனினும் கிரி தொடக்க மொத்தத்திலேயே பாதியைக் கடந்துவிட்டதால் 1969இன் முடிவை எந்த மொத்தத்தின் மேல் எழுதினாலும் பொருள் மாறுவதில்லை.

91 எங்கே, 8 எங்கே? முன்னதில் வாக்களித்தோர் சட்டமன்ற, நாடாளுமன்ற உறுப்பினர்கள். சீட்டின் ஒவ்வொரு இலக்கத்தின் பயனும் அறிந்தவர்கள். எண்ணால் குறிக்காத சீட்டு அங்குச் செல்லாது. இலங்கையிலோ ஒரே ஒருவருக்கு ‘1’ இட்டாலும், பழக்கப்பட்ட புள்ளடி ஒன்றை இட்டாலும் சீட்டு செல்லும். எட்டுத் தேர்தல்களில் இரண்டாம் விருப்பம் எண்ணப்பட்டதே இல்லை என்னும் அனுபவமும் சேர்ந்துகொண்டது. ஆகவே பயன்தீர்ந்த முப்பது இலட்சத்தையும் ‘இருவரையும் மறுத்தோர்’ எனப் படிப்பது மிகை. தெரிந்தே நிறுத்திக்கொண்டவரும், அடுத்த விருப்பம் இடலாம் என்பதையே கருதாதவரும், மூன்று விருப்பங்களையும் விலக்கப்பட்டோருக்கே இட்டவரும் அதனுள் கலந்துள்ளனர்.

அச்சீட்டுகள் அனைத்திலும் விருப்பம் இருந்திருந்தால் முடிவு மாறியிருக்குமா? கைமாறிய வாக்குகளில் பிரேமதாசவின் பங்கு 61.46 விழுக்காடு. அதே விகிதம் 33,21,666 முழுமைக்கும் பொருந்தினால் அவர் இடைவெளியில் ஏறத்தாழ 7,61,000 வாக்குகளை ஈடுசெய்திருப்பார். அப்போதும் ஏறத்தாழ 5,10,000 வாக்குகள் குறைவாகவே நின்றிருப்பார். சமன் செய்ய அவருக்கு வேண்டியிருந்தது 69.15 விழுக்காடு. விருப்பம் குறித்தவர்களைப் போன்றே குறிக்காதவர்களும் எண்ணினர் என்பதற்குச் சான்றில்லை. எனவே இது முன்கணிப்பு அன்று. முடிவு எத்தனை உறுதியானது என்பதை வாசகருக்கு உணர்த்த இத்தகைய எல்லைக் கணக்கு ஒன்று போதும்.

மாவட்டங்களில் இதன் பொருள்

தேர்தல் இரவில் வண்ணம் தீட்டிய மாவட்ட வரைபடங்கள் முதல் எண்ணிக்கையில் முந்தியவரை மட்டும் காட்டுபவை. நுவரெலியாவும் யாழ்ப்பாணமும் அவற்றில் ஒரே நிறம் பெறுகின்றன. இரண்டிலும் முந்தியவர் பிரேமதாச. எண்களைப் பார்த்தால் இவை ஒரே வகை மாவட்டங்கள் அல்ல.

நுவரெலியாவில் பிரேமதாச 2,01,814 (42.58%), விக்ரமசிங்க 1,38,619 (29.25%), திசாநாயக்க 1,05,057 (22.17%). மலையகக் கட்சிகளுள் தமிழ் முற்போக்குக் கூட்டணி பிரேமதாசவையும் இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் விக்ரமசிங்கவையும் ஆதரித்தன. நாடளவில் முதல் இருவர் மாவட்டத்தில் முதலாமவரும் மூன்றாமவருமாக இருக்க, மாவட்டத்தின் இரண்டாமவர் விலக்கப்பட்டார். இங்கு இரண்டாம் எண்ணிக்கைக்குச் சென்றவை 35.25 விழுக்காட்டுச் சீட்டுகள்.

யாழ்ப்பாணத்தில் பிரேமதாச 1,21,177 (32.60%), பா.அரியநேத்திரன் 1,16,688 (31.39%), விக்ரமசிங்க 84,558 (22.75%), திசாநாயக்க 27,086 (7.29%). முதலிருவர் இடைவெளி 4,489 வாக்குகள். நாட்டளவில் இறுதிக் களத்தில் நின்ற இருவரும் சேர்ந்தே இங்கு 39.89 விழுக்காடுதான். ஆக யாழ்ப்பாணத்தின் செல்லத்தக்க சீட்டுகளில் ஐந்தில் மூன்று – 60.11 விழுக்காடு – இரண்டாம் எண்ணிக்கைக்குரியவை. நாட்டின் சராசரி 24.94 என்பதோடு இதை வைத்துப் பார்க்க வேண்டும். தமிழ்ப் பொது வேட்பாளராக நின்ற அரியநேத்திரனுக்கு அளித்த வாக்கு ஓர் அரசியல் அறிவிப்பு. அதே சீட்டில் அடுத்து இடப்படும் ‘2’ ஆட்சியாளரைத் தேர்வதில் பங்கேற்பு. இரண்டும் ஒன்றையொன்று விலக்குவன அல்ல என்பதே இம்முறையின் தனிச்சிறப்பு. அந்த இரண்டாவது செயலை எத்தனை பேர் செய்தனர் என்பதை முதல் எண்ணிக்கைப் பட்டியலிலிருந்து அறிய இயலாது. முதல் எண்ணிக்கை நிறத்தோடு நின்றுவிடும் வரைபடம், எந்த மாவட்டத்தில் இரண்டாம் எண்ணிக்கை மிகுதியாகப் பொருள்பட்டதோ அந்த மாவட்டத்தையே மிகக் குறைவாகச் சொல்கிறது.

முன்வைக்கும் முறை

தொடக்க மொத்தத்தை இறுதிவரை மாறாமல் வைப்பதும், பயன்தீர்ந்தவற்றை ஒரு வேட்பாளரைப் போலவே தனி வரியில் காட்டுவதும் முதல் தேவை. ஒரே நீளமுள்ள இரு பட்டைகளை ஒன்றன்கீழ் ஒன்றாக வரைந்து, மேற்பட்டையின் ‘ஏனையோர்’ பகுதியிலிருந்து கீழ்ப்பட்டையின் மூன்று பகுதிகளுக்கும் அகலம் ஒத்த ஓடைகள் இழுத்தால் 8.22 விழுக்காட்டின் மெலிவு சொல்லின்றியே புலப்படும். பல சுற்றுகள் கொண்ட தேர்தலுக்கு இப்படம் விரைவில் சிக்கலாகிவிடும். இருவர் தவிர அனைவரையும் ஒருமிக்க விலக்கும் இலங்கை முறைக்கோ மிகப் பொருந்துகிறது.

அதற்கு மேல் செல்ல, சுற்று மொத்தங்கள் போதா. சீட்டுகளில் இருந்த வரிசைகளே வேண்டும். அமெரிக்காவின் பர்லிங்டன் நகரில் 2009இல் நடந்த மேயர் தேர்தல் இதற்கு நல்ல சான்று. முதல் சுற்றில் கர்ட் ரைட் 2,951, பாப் கிஸ் 2,585, ஆண்டி மான்ட்ரோல் 2,063. இறுதியில் கிஸ் 4,313, ரைட் 4,061. சீட்டுகளின் முழு வரிசையும் கிடைத்தமையால், மூன்றாமிடத்தில் விலக்கப்பட்ட மான்ட்ரோல் மற்ற இருவரில் எவரோடு தனித்து மோதியிருந்தாலும் வென்றிருப்பார் என்று ஆய்வாளர்கள் காட்ட முடிந்தது. மறு ஆண்டே நகர மக்கள் அம்முறையைக் கைவிட வாக்களித்தனர். வெளிப்படையான தரவு ஒரு முறையின் குறையையும் அம்பலப்படுத்தும் என்பதால் அதனை மறைப்பது தீர்வாகாது. 2007 முதல் உள்ளாட்சி மன்றங்களுக்கு விருப்பவரிசை முறையைப் பின்பற்றும் ஸ்காட்லாந்தில் வட்டாரந்தோறும் விருப்பத் தரவுகள் வெளியிடப்படுகின்றன. கையால் எண்ணும் நாட்டில் ஒவ்வொரு சீட்டின் வரிசையையும் பதிவது பெரும் உழைப்பு. ஆனால் விலக்கப்பட்டோரின் சீட்டுகளை இரண்டாம் எண்ணிக்கையில் ஒவ்வொன்றாகப் பார்க்கத்தான் வேண்டும். அவை இரு வேட்பாளர்களுக்கும் பயன்தீர்ந்தவற்றுக்குமாக மூன்றாகப் பிரிந்தே தீரும். மாவட்டந்தோறும் அம்மூன்று எண்களையும் ஒரே அட்டவணையில் தருவதற்குக் கூடுதல் உழைப்பு வேண்டியதில்லை.

தமிழ்நாட்டு வாசகருக்கும் இது அயல்நாட்டுச் சங்கதி மட்டுமன்று. மாநிலங்களவைத் தேர்தலும் வழக்கறிஞர் மன்றத் தேர்தலும் விருப்பவரிசை முறையிலேயே நடக்கின்றன. 1986இல் சட்டமேலவை கலைக்கப்படும் வரை அதன் மூன்றில் ஒரு பங்கு இடங்களுக்கு உள்ளாட்சி மன்ற உறுப்பினர்கள் இவ்வாறே வரிசையிட்டு வாக்களிக்கும் உரிமை பெற்றிருந்தனர். அரவேணு வாக்காளர் தம் உறவினரின் மாவட்ட முடிவைப் படிக்கும் பத்திரிகையில் ‘நுவரெலியா: சஜித் முன்னிலை’ என்பதற்குப் பதில், ‘நுவரெலியா: சஜித் 42.58, அநுர 22.17, இரண்டாம் எண்ணிக்கைக்குச் சென்றவை 35.25’ என்று அச்சிட ஒரு வரியே கூடுதலாகும்.